குரங்கின் கண்ணிலிருந்து அமிக்டலா வரை: உணர்ச்சிக் காட்சியின் மூளைப் பாதைகளை வரைந்து கற்கும் முறை

உணர்ச்சியைத் தூண்டும் ஒரு காட்சி குரங்கின் கண்ணில் பட்ட கணம் முதல் அதன் உடல் அதற்கேற்ப அசையும் கணம் வரை மூளைக்குள் நடப்பவற்றை ஒரே தாளில் வரைந்து கற்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிக் கல்லூரிகளில் விலங்கியலும் உளவியலும் படிப்பவர்கள், செவிலியர் கல்வி பயில்பவர்கள், மேனிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தும் ஆசிரியர்கள் ஆகியோர் என் மனத்தில் இருக்கிறார்கள். கருத்தரங்குக்கென்று இவர்கள் கொண்டுவரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கண்ணிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பும். ஒன்று நீண்ட வழி, மற்றொன்று குறுக்கு வழி. இரண்டும் அமிக்டலாவில், அதாவது மூளையின் உள்ளே புதைந்திருக்கும், உணர்ச்சியோடு தொடர்புடைய நரம்பணுத் திரளில், போய் முடியும். அமிக்டலாவிலிருந்து பார்வைப் பகுதிகளுக்குத் திரும்பி வரும் அம்பு எதிலும் இராது. உணர்ச்சி என்பது பார்வையின் கடைசி நிறுத்தம் என்ற எண்ணத்தை அந்தப் படம் மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. பிறகு அதைப் பிடுங்கி எடுப்பது கடினம். திரும்பி வரும் அம்புகளையும் சேர்த்து வரைவதற்கும், ஒவ்வொரு அம்பும் எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்பதைப் படத்திலேயே காட்டுவதற்கும் இந்த வழிகாட்டி உதவும்.

தாளும் நிறங்களும்

ஒரு முழு சார்ட் தாள், பென்சில், அழிப்பான், கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை ஆகிய நான்கு நிற ஸ்கெட்ச் பேனாக்கள் போதும். கறுப்பு, பெருமூளைப் புறணி (பெருமூளையின் வெளியடுக்கு) வழியாகச் செல்லும் பெரிய பாதைக்கு. நீலம், புறணியைத் தொடாமல் நடுமூளை வழியாகச் செல்வதாகக் கருதப்படும் மெல்லிய பாதைக்கு. சிவப்பு, அமிக்டலாவிலிருந்து பார்வைப் பகுதிகளுக்குத் திரும்பி வரும் இழைகளுக்கு. பச்சை, உடலை இயக்கச் செல்லும் வெளியேற்றத்துக்கு.

நிறத்தைவிடக் கோட்டின் வகை முக்கியமானது. குரங்கின் மூளையில் தடங்காட்டிப் பொருளைச் செலுத்தி, அது நரம்பிழைகளின் வழியே எங்கே போய்ச் சேர்கிறது என்று மூளையைச் சீவிப் பார்த்து உறுதி செய்யப்பட்ட இணைப்பை முழுக்கோடாக வரையுங்கள். எம்.ஆர்.ஐ. கருவியில் நீர் மூலக்கூறுகளின் பரவலை அளந்து ஊகித்த இணைப்பை இடைவெளி விட்ட கோடாக வரையுங்கள். இரண்டாவது முறை உயிருள்ள மனித மூளையிலும் பயன்படுகிறது என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் செய்தி எந்தத் திசையில் போகிறது என்பதையோ, நடுவில் ஓர் இணைப்பு முடிந்து வேறொன்று தொடங்குகிறதா என்பதையோ அது சொல்லாது. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே கைப்பழக்கம் ஆக்கிக்கொண்டால் நீலப் பாதையைப் பற்றிப் பின்னால் வரும் சர்ச்சை பாதிக்கு மேல் தானாகப் புரிந்துவிடும்.

வரைவதற்கு முன் ஒரு மூளையைத் தொட்டுப் பார்த்தல்

தட்டையான படத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அமிக்டலாவும் நடுமூளையும் எவ்வளவு உள்ளே புதைந்திருக்கின்றன என்பது பிடிபடுவதில்லை. அதனால் ஒரு முழு ஆட்டு மூளையை முதலில் பார்த்துவிடும்படி சொல்வேன். வடசேரியிலோ தக்கலையிலோ உங்களுக்குத் தெரிந்த இறைச்சிக் கடையில் முதல் நாளே சொல்லி வைத்தால், மூளை சிதையாமல் எடுத்துத் தருவார்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஃபார்மலினில் இறுக வைப்பதானால் ஆய்வக ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சற்று இறுகிய பின் கையுறை அணிந்து பார்த்தால் போதும்.

மூளையைக் குப்புறத் திருப்பினால் அடிப்பக்கத்தில் வெள்ளையாகக் குறுக்கிட்டு நிற்கும் பார்வை நரம்புச் சந்தி தெரியும். பிறகு நிமிர்த்தி, பெருமூளையின் பின்விளிம்பை ஒரு விரலால் மெல்லத் தூக்கி, சிறுமூளையை மறு கையால் கீழ்நோக்கி வளைத்துப் பாருங்கள். இடையிலுள்ள மெல்லிய சவ்வை நீக்கியதும் இரண்டு இரண்டாக நான்கு சிறு மேடுகள் எழுந்து நிற்பதைக் காணலாம். மேலே உள்ள பெரிய இரண்டும் மேற்குன்றுகள், அதாவது சுப்பீரியர் காலிகுலஸ். கண்ணிலிருந்து வரும் இழைகளில் ஒரு பங்கு நேரே இங்கே இறங்குகிறது. அமிக்டலாவை இப்படிப் பார்க்க முடியாது. அது மூளையின் அடிப்பக்கத்தில், இருபுறமும் முன்னால் உருண்டிருக்கும் பகுதிக்கு உள்ளே இருக்கிறது. ஆட்டுக்கும் குரங்குக்கும் உள்ள வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டில் மேற்குன்று பெருமூளையோடு ஒப்பிடப் பெரிது. குரங்கிலும் மனிதரிலும் பெருமூளைப் புறணி பெருகியதால் மேற்குன்று சிறிதாகத் தோன்றுகிறது. அதே வேளையில், புலன் செய்திகளைப் புறணிக்குக் கடத்தும் தலாமஸின் பின்பகுதியான புல்வினார் மிகப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. மனிதத் தலாமஸில் மிகப் பெரிய உட்கரு (நரம்பணுத் திரள்) புல்வினார்தான். இந்த வளர்ச்சிக்கு நீலப் பாதையைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வருவோம்.

கறுப்புப் பாதை

இப்போது தாளை நீளவாக்கில் வைத்து, ரீசஸ் குரங்கின் மூளையைப் பக்கவாட்டில், நெற்றி இடப்புறம் இருக்குமாறு வரையுங்கள். ஏறத்தாழ 90 கிராம் எடையுள்ள மூளை இது. ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டவை ரீசஸ் குரங்கும் அதன் நெருங்கிய உறவினங்களும். நம் மாவட்டத்து மலையோரங்களில் தலையில் தொப்பிபோல் மயிர் படிந்து திரியும் குரங்கும் அதே மக்காக்கா பேரினத்தைச் சேர்ந்தது என்பதால், மூளையின் பொது அமைப்பை இந்தப் படத்தைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கோதையாறு மலைகளின் கருமந்தி வேறு கிளையைச் சேர்ந்தது. அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

விழித்திரையிலிருந்து கிளம்பும் இழைகளில் மிகப் பெரும்பகுதி தலாமஸில் உள்ள எல்.ஜி.என். என்னும் ஆறடுக்கு உட்கருவுக்குப் போகிறது. அங்கிருந்து பிடரி மடலின் முதல்நிலைப் பார்வைப் புறணியான வி1, பிறகு வி2, வி4, அதன் பின் காதையொட்டிய பொட்டு மடலின் அடிப்பகுதியில் முன்னோக்கி நீளும் கீழ்ப்பொட்டுப் புறணி என்று நிலையங்களை வரிசையாக இட்டுக் கறுப்புக் கோட்டால் இணையுங்கள். லெஸ்லி அங்கர்லைடரும் மார்ட்டிமர் மிஷ்கினும் 1982-இல் பார்வைப் புறணியை இரு ஓடைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். பொருள் இன்னதென்று அறியும் கீழ் ஓடை நாம் வரைந்தது. மேல் ஓடையை மங்கலாகக் காட்டிவிட்டுக் கடந்துவிடலாம்.

கீழ்ப்பொட்டுப் புறணியில் சற்று நின்று வேலை செய்ய வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் சார்லஸ் கிராஸும் உடனிருந்தோரும் இங்கே கைக்கும் முகத்துக்கும் பதில் தரும் நரம்பணுக்களைக் கண்டார்கள். 2006-இல் டோரிஸ் சாவோ, வின்ரிச் ஃபிரைவால்ட், மார்கரெட் லிவிங்ஸ்டன் ஆகியோர் எம்.ஆர்.ஐ. மூலம் குரங்கின் மூளையில் முகத்துக்குத் துலங்கும் திட்டு ஒன்றைக் கண்டு, அதற்குள்ளேயே மின்முனையை இறக்கிப் பார்த்தபோது, காட்சிக்குப் பதில் தந்த அணுக்களில் 97 விழுக்காடு முகத்துக்கே உரியவையாக இருந்தன. முகத்திட்டுகளைச் சிறு வட்டங்களாகப் பொட்டு மடலில் இடுங்கள். அவற்றுக்கு மேலே ஓடும் மேற்பொட்டுப் பள்ளத்தின் கரைகளில் உள்ள அணுக்கள் முகபாவத்துக்கும் பார்வைத் திசைக்கும் அதிகமாகப் பதில் தருகின்றன. பள்ளத்துக்குக் கீழே உள்ளவை முகம் யாருடையது என்பதில் அதிக நாட்டம் காட்டுகின்றன. இந்தப் பிரிவு முழுமையானது அல்ல, ஆனால் வரைந்து காட்டத் தக்கது.

கறுப்புக் கோடு இறுதியாகக் கீழ்ப்பொட்டுப் புறணியின் முன்பகுதியிலிருந்து அமிக்டலாவின் பக்கவாட்டு உட்கருவில் நுழைகிறது. அமிக்டலாவை ஒரே உருண்டையாக வரையாமல், பக்கவாட்டு உட்கரு, அடி உட்கரு, நடு உட்கரு என்று குறைந்தது மூன்று அறைகளாகப் பிரித்து வரையுங்கள். நுழைவது பக்கவாட்டில், புறணிக்குத் திரும்பிச் செல்வது முக்கியமாக அடி உட்கருவிலிருந்து, ஹைப்போதலாமஸுக்கும் மூளைத்தண்டுக்கும் இறங்குவது நடு உட்கருவிலிருந்து. ஒரே உருண்டையாக வரைந்தால் இந்த மூன்று வேலைகளும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

நிலையங்களுக்கு அருகே நேரத்தையும் எழுதுங்கள். காட்சி தோன்றியதும் வி1-இல் முதல் பதில் ஏறத்தாழ 40 முதல் 60 மில்லிநொடிக்குள் எழுகிறது; கீழ்ப்பொட்டுப் புறணியில் ஏறத்தாழ 100 மில்லிநொடி; அமிக்டலாவில் பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிநொடி. இந்த எண்கள் அணுவுக்கு அணுவும் ஆய்வுக்கு ஆய்வும் மாறும் என்பதால் எல்லைகளாகவே எழுதுங்கள்.

உணர்ச்சி எங்கே உள்ளே வருகிறது என்ற கேள்வியை மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்குக் காட்டக்கூடிய நல்ல சான்று ஜோசப் பேட்டன், டேனியல் சால்ஸ்மன் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. குரங்குக்குப் பொருளற்ற வண்ணக் கோலங்களைக் காட்டி, சிலவற்றுக்குப் பின் குடிக்க இனிய பானமும், சிலவற்றுக்குப் பின் முகத்தில் வெறுப்பூட்டும் காற்று வீச்சும் வருமாறு பழக்கினார்கள். அமிக்டலாவின் சில அணுக்கள் நல்லதைக் குறிக்கும் கோலத்துக்கும், வேறு சில அணுக்கள் கெட்டதைக் குறிக்கும் கோலத்துக்கும் கூடுதலாகத் துடித்தன. பிறகு இரண்டையும் இடம் மாற்றியபோது, படம் அதே படமாக இருக்க, அந்த அணுக்களின் பதிலும் விரைவில் மாறியது. கீழ்ப்பொட்டுப் புறணியின் அணுக்கள் பொதுவாகப் படத்தின் வடிவத்தோடு ஒட்டி நிற்பவை. ஆகவே, படத்தின் உருவம் கறுப்புக் கோட்டில் சேர்ந்துவருகிறது. அது இந்த உயிருக்கு நன்மையா தீமையா என்ற மதிப்பு அமிக்டலாவிலும் அதனோடு இருவழியாகப் பிணைந்த கண்குழி நெற்றிப் புறணியிலும் சேர்கிறது. அந்தப் பிணைப்பையும் இப்போதே இரு முனை அம்பாக வரைந்துவிடுங்கள்.

சிவப்பு அம்புகள்

படத்தின் உயிர் இங்கே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பேச்சிப்பாறைக் கால்வாயில் மடை திறந்த நீர் வயலுக்குப் போகுமே தவிர அணைக்குத் திரும்பி வராது. கறுப்புப் பாதையை மட்டும் வரைந்தவர் மனத்தில் மூளையும் அப்படித்தான் பதிந்திருக்கும். டேவிட் அமரலும் ஜோசப் பிரைஸும் 1984-இல் வெளியிட்ட தடங்காட்டி ஆய்வு வேறு சித்திரத்தைத் தருகிறது. பார்வைப் பகுதிகளிலிருந்து அமிக்டலாவுக்குள் வரும் இழைகள் பெரும்பாலும் கீழ்ப்பொட்டுப் புறணியின் முன்பகுதியான கடைசி நிலையத்திலிருந்து மட்டுமே வருகின்றன. அமிக்டலாவின் அடி உட்கருவிலிருந்து கிளம்பும் இழைகளோ கீழ்ப்பொட்டுப் புறணி, வி4, வி2 என்று பின்னோக்கி நடந்து, வி1 வரைக்கும் போகின்றன. உள்ளே வரும் வாசல் ஒன்று. வெளியே போகும் வாசல்கள் பல.

ஆகவே அடி உட்கருவிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிச் சிவப்பு அம்பு வரையுங்கள். ஒரே அம்பை இழுத்துவிட்டு "பின்னூட்டம்" என்று எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அம்பு வி1-ஐத் தொடும் இடத்தில் புறணியின் மேலடுக்கைச் சிறு கோட்டால் காட்டுங்கள், ஏனெனில் இந்த இழைகள் பெரும்பாலும் மேலடுக்குகளில் முடிகின்றன.

இந்த அம்புகள் உண்மையில் ஏதேனும் செய்கின்றனவா என்று கேட்டால், அமிக்டலா இல்லாத விலங்கைப் பார்க்க வேண்டும். 2012-இல் ஃபாடிலா ஹாஜ்-பூசியான் முதலியோர் அமிக்டலா சேதமான குரங்குகளுக்கு முகங்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். முகத்துக்குரிய பகுதிகள் முகத்தைக் கண்டதும் வழக்கம்போல் துலங்கின. ஆனால் அச்சமோ மிரட்டலோ காட்டும் முகத்துக்குச் சாதாரண முகத்தைவிடக் கூடுதலாக எழ வேண்டிய பதில் எழவில்லை. மனிதரிலும் பாட்ரிக் வுயில்யூமியே முதலியோர் 2004-இல் இதை ஒத்த முடிவைக் கண்டார்கள். முகம் முகமாகத் தெரிவதற்குக் கறுப்புப் பாதை போதும். அச்சமுற்ற முகம் பார்வைப் புறணியிலேயே தூக்கலாகத் தெரிவதற்குச் சிவப்பு அம்புகள் வேண்டும். கருத்தரங்கில் ஒரே ஒரு ஆய்வைச் சொல்ல நேரம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல் பயிற்சி

பாதையை மனத்தில் பதிய வைக்க ஒரு பயிற்சி தருகிறேன். 1961-இல் ஜான் டவுனர் என்ற ஆய்வாளர் செய்ததைத் தாளில் திரும்பச் செய்வது இது. அதற்கு முன் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹைன்ரிச் க்ளூவரும் பால் பூசியும் 1930-களின் இறுதியில் ரீசஸ் குரங்குகளின் இரு பொட்டு மடல்களையும் அகற்றிப் பார்த்தபோது, அவை பாம்பைக் கண்டும் அஞ்சவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வாயில் வைத்தன. லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் 1956-இல் இந்த அச்சமின்மைக்கு அமிக்டலாவே முக்கியக் காரணம் என்று காட்டினார். ஆனால், அமிக்டலா போனதால் குரங்கே பொதுவாக மந்தமாகிவிட்டதா, அல்லது கண்ணில் படுவதற்கும் அச்சத்துக்கும் உள்ள தொடர்பு மட்டும் அறுந்ததா என்ற கேள்வி மிஞ்சியது.

மேலிருந்து பார்த்த மூளையைத் தனித் தாளில் இரு பாதிகளாக வரைந்து, இரு கண்களையும், இருபுறமும் செல்லும் கறுப்புப் பாதையையும் இடுங்கள். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ பாதி இழைகள் சந்தியில் குறுக்கே மறுபுறம் செல்வதையும் காட்டுங்கள். முதல் வெட்டு: பார்வைச் சந்தியை நடுவில் கத்தரியுங்கள், இனி இடக்கண் இட மூளைக்கு மட்டும், வலக்கண் வல மூளைக்கு மட்டும் செய்தி அனுப்பும். இரண்டாம் வெட்டு: இரு பாதிகளையும் இணைக்கும் பாலங்களைக் கத்தரியுங்கள். மூன்றாவது: ஒரு பக்க அமிக்டலாவை மட்டும் வெட்டி எடுங்கள். இப்போது அமிக்டலா இல்லாத பக்கத்துக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினால், கறுப்புக் கோட்டில் விரல் வைத்து நடந்து பாருங்கள்: காட்சி கீழ்ப்பொட்டுப் புறணி வரை போகும், அதற்கு மேல் போக இடமில்லை. டவுனரின் குரங்கு இந்த நிலையில் மனிதரைக் கண்டு சாதுவாக இருந்தது. கண்மூடியை மாற்றி மறு கண்ணைத் திறந்ததும் அதே குரங்கு, அதே மனிதரைக் கண்டு, காட்டுக் குரங்கின் மூர்க்கத்தோடு பாய்ந்தது. மனநிலை முழுவதும் மாறிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. ஒரு கண் வழியாக வந்த காட்சிக்கு மட்டும் அமிக்டலாவின் வாசல் அடைபட்டிருந்தது.

பழைய அறுவைகளில் அமிக்டலாவைக் கடந்து வேறிடம் செல்லும் இழைகளும் சேர்ந்து அறுபட்டன என்பதை மாணவருக்குச் சொல்ல மறக்காதீர்கள். பின்னாளில் இழைகளை விட்டுவிட்டு அணுக்களை மட்டும் அழிக்கும் நச்சுப்பொருளைச் செலுத்திச் செய்த ஆய்வுகளில் விளைவுகள் மென்மையாகவே இருந்தன. அச்சம் குறைவது அப்போதும் தெரிந்தது.

நீலப் பாதை: எவ்வளவு அழுத்தி வரைவது?

விழித்திரையிலிருந்து மேற்குன்றுக்கு நீல முழுக்கோடு வரையலாம். அது ஐயமற்ற இணைப்பு. மேற்குன்றிலிருந்து புல்வினாருக்கும் முழுக்கோடு. புல்வினாரின் உட்பகுதியிலிருந்து அமிக்டலாவுக்கும் முழுக்கோடு. மூன்றும் உறுதி என்றால் பாதையும் உறுதிதானே என்று தோன்றும். சிக்கல் நடுவில் இருக்கிறது. கண்ணிலிருந்து நேரடிச் செய்தி பெறும் மேற்குன்றின் மேலடுக்கு புல்வினாரின் கீழ்ப்பகுதியோடு அதிகம் பேசுகிறது. அமிக்டலாவோடு பேசுவது பெரும்பாலும் புல்வினாரின் உட்பகுதி. இரண்டும் உள்ளே கைகோக்கின்றனவா என்பது நீண்ட காலம் சர்ச்சையாக இருந்தது. 2015-இல் எம்.ஆர்.ஐ. பரவல் முறையில் மனிதரிலும் மக்காக்கு குரங்குகளிலும் இந்த வழியே செல்வதாகத் தோன்றும் இழைக்கற்றை காட்டப்பட்டது. 2018-இல் மக்காக்கு குரங்கின் புல்வினாரில் மேற்குன்றின் இழைகளும் அமிக்டலாவுக்குச் செல்லும் அணுக்களும் ஒரே இடத்தில் அமைந்திருப்பது தடங்காட்டி முறையில் தெரியவந்தது. ஆகவே புல்வினாருக்குள் மட்டும் இடைவெளி விட்ட நீலக்கோடு வரைவது இன்றைய சான்றுக்கு ஏற்றது.

நீலப் பாதைக்குச் சாதகமாக நிற்கும் ஆய்வுகளில் 2013-இல் வெளியான ஒன்றை விவரமாகச் சொல்லலாம். பாம்பையே பார்த்திராமல் வளர்ந்த ஜப்பானியக் குரங்குகளின் புல்வினாரில் சில அணுக்கள், குரங்கு முகம், கை, வடிவக் கோலங்கள் ஆகியவற்றைவிடப் பாம்பின் படத்துக்கு வலுவாகவும் விரைவாகவும் பதில் தந்தன. லின் இஸ்பெல் 2006-இல் முன்வைத்த கருத்தோடு இது பொருந்துகிறது: பாம்பை விரைந்து காணவேண்டிய தேவையே முதனிகளின் (குரங்கும் மனிதரும் அடங்கிய பிரிவின்) பார்வையைக் கூர்மையாக்கிய காரணங்களில் ஒன்று என்பது அவர் வாதம். புல்வினாரின் பெருவளர்ச்சியும் இதில் ஒரு சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் பாம்பைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்பது முழுதும் பிறவியில் வருவதல்ல. 1980-களில் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் காட்டியபடி, ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகள் பாம்புக்கு அஞ்சவில்லை. அஞ்சும் குரங்கைக் காணொளியில் பார்த்த பிறகே அஞ்சின. அதே அச்சத்தைப் பூவைக் கண்டு காட்டுவதுபோல் காணொளியை வெட்டி ஒட்டித் தயாரித்துக் காட்டியபோது பூவுக்கு அஞ்சக் கற்கவில்லை. கற்கத்தான் வேண்டும், ஆனால் எதைக் கற்பது எளிது என்பதில் ஒரு சாய்வு இருக்கிறது.

குறுக்கு வழிக்கு எடுத்துக்காட்டாக நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது ரப்பர் தோட்டத்துக் கதை. குலசேகரம் பக்கம் விடியுமுன்னே தலைவிளக்கோடு பால்வெட்டப் போகிறவர், காலடியில் கிடந்த கொடியைப் பாம்பென்று எண்ணித் துள்ளிப் பின்வாங்குவார். கொடிதான் என்று தெரிவது பிறகே. இது உண்மையில் நடப்பதுதான். இதைக் கொண்டு நீலப் பாதையை நிறுவிவிட முடியாது என்பதையே நான் வலியுறுத்துகிறேன். கறுப்புப் பாதையே 200 மில்லிநொடிக்குள் அமிக்டலாவை எட்டிவிடுகிறது என்று மேலே எழுதினோம். துள்ளுவதற்கு அது போதுமான விரைவு. மேலும் மேற்குன்று அமிக்டலாவைக் கேட்காமலே மூளைத்தண்டின் இயக்க மையங்களுக்கு நேரே கட்டளை அனுப்பி உடலை விலகச் செய்ய முடியும். லூயிஸ் பெசோவாவும் ரால்ஃப் அடால்ஃப்ஸும் 2010-இல், இரு பாதைகள் என்ற சித்திரத்துக்குப் பதிலாகப் பல பாதைகள் ஒரே நேரத்தில் இயங்கும் சித்திரத்தை முன்வைத்தார்கள். என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. குறுக்கு வழிக் கொள்கையை ஜோசப் லெடூ முதலில் எலியில், ஒலியைக் கொண்டு நிறுவினார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எலியின் செவியில் கண்டதைக் குரங்கின் கண்ணுக்குப் பெயர்ப்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

பச்சைக் கோடும், கண்ணுக்கே திரும்பும் அம்பும்

நடு உட்கருவிலிருந்து ஹைப்போதலாமஸ், நடுமூளையின் சாம்பல் பகுதி, மூளைத்தண்டு ஆகியவற்றுக்குப் பச்சைக் கோடு இடுங்கள். நெஞ்சுத் துடிப்பு, உறைந்து நிற்றல், மயிர்க்கூச்செறிதல் எல்லாம் இவ்வழி வருபவை.

கடைசி அம்பு பலரும் விட்டுவிடுவது. எஸ்.எம். என்று குறிக்கப்படும் அமெரிக்கப் பெண்மணிக்கு அரிய நோயொன்றால் இரு அமிக்டலாவும் அழிந்துவிட்டன. அச்சமுற்ற முகத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை என்று 1994-இல் தெரிந்தது. 2005-இல் அதன் காரணம் ஆராயப்பட்டபோது, அவர் முகங்களின் கண்களைப் பார்ப்பதே இல்லை என்பது வெளிப்பட்டது. கண்களைப் பாருங்கள் என்று சொன்னதும் அச்சத்தை இனங்கண்டார். அதாவது, அமிக்டலா அடுத்த கணம் பார்வை எங்கே விழ வேண்டும் என்பதையும் முடிவு செய்வதில் பங்கேற்கிறது. குரங்கின் அமிக்டலாவில், எதிரிலுள்ள குரங்கோடு கண்ணோடு கண் பார்க்கும்போது மட்டும் துடிக்கும் அணுக்களைக் கட்டலின் கோதார்டும் உடனிருந்தோரும் 2014-இல் கண்டதும் இதோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. அமிக்டலாவிலிருந்து கண்ணசைவு மையங்கள் வழியாகக் கண் வரை ஒரு சிவப்பு வளைவை வரையுங்கள்.

பேச்சிப்பாறையில் பார்த்துப் பழகுதல்

படம் முடிந்ததும் உயிருள்ள குரங்குக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் அம்புகளுக்குப் பொருள் கூடும். பேச்சிப்பாறைப் பக்கம் சாலையோரம் கூட்டம் உட்கார்ந்திருக்கும் இடத்தில், தின்பண்டப் பையைக் கையில் வைத்துக்கொள்ளாமல், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டாகத் திரும்பி நில்லுங்கள். அங்கே கடை வைத்திருக்கும் ஓர் அம்மை, என்னோடு வந்த மாணவி ஒருத்தியிடம், "அதுக்க மூஞ்சியப் பாத்து நிக்காத மக்களே, பல்லக் காட்டும்" என்றார். மாணவி, "சரி அம்மா, சிரிக்குதுன்னுல்லா நெனச்சேன்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மை சொன்னதில் நாம் வரைந்த படம் முழுதும் அடங்கியிருக்கிறது. நேர்ப்பார்வை குரங்குக்கு மிரட்டல். உதடுகளைப் பின்னிழுத்துப் பல்லை வெளிக்காட்டுவது அச்சமும் பணிவும். வாயைத் திறந்து புருவத்தை உயர்த்தி உற்றுப் பார்ப்பது மிரட்டல். உதட்டை வேகமாகச் சப்புவது நட்பு. மனிதப் புன்னகையோடு வைத்துக் குரங்கின் பல்லைப் படித்தால் தவறாகவே படிப்போம்.

குறிப்பேட்டில் நான்கு பத்திகள் போதும்: யார் யாரைப் பார்த்தது, முகபாவம், பார்த்தவர் அடுத்துப் பார்வையை எங்கே திருப்பினார், உடல் என்ன செய்தது. மூன்றாம் பத்தியை நிரப்புவது கடினம், ஆனால் கண்ணுக்குத் திரும்பும் சிவப்பு வளைவின் வேலை அங்கேதான் தெரியும்.

ரப்பர் பாம்பையோ பொம்மையையோ காட்டிக் குரங்கை அச்சுறுத்திப் பார்க்க வேண்டாம். ரிச்சர்ட் காஸும் உமா ராமகிருஷ்ணனும் தென்னிந்தியக் காடுகளில் இதே தொப்பிமயிர் இனக் குரங்குகளுக்குச் சிறுத்தையின் உருமாதிரியைக் காட்டி, புள்ளி தெரியும் மஞ்சள் உருவுக்கு அவை கருமை உருவைவிட விரைந்து ஓடுவதை 2000-இல் பதிவு செய்தார்கள். அது திட்டமிட்டு முறைப்படி நடத்தப்பட்ட ஆய்வு. சாலையோரத்தில் நாம் செய்தால் தாயின் வயிற்றைப் பிடித்திருக்கும் குட்டி வண்டிக்கு அடியில் போய் விழும். உணவும் கொடுக்காதீர்கள், கொடுத்த மறுகணம் கூட்டத்தின் நடத்தை முழுதும் உங்கள் கையைச் சுற்றியே அமையும், குறிப்பேட்டில் எழுதப் பயனுள்ள எதுவும் மிஞ்சாது.

வீடு திரும்பியதும் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே படத்திலுள்ள அம்பின் நிறத்தை எழுதுங்கள். எந்த நிறம் என்று முடிவு செய்ய முடியாத குறிப்புகளைத் தனிப் பக்கத்தில் சேர்த்து வையுங்கள்; கருத்தரங்கில் கேள்வி நேரத்துக்கு அவையே உதவும்.